மங்காத தங்கம் ஜிம் தோர்ப்!



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். காமராஜரையும் கலாம் ஐயாவையும் மற்ற துறை நண்பர்கள் முன்னாலேயே எடுத்துக்கொண்டார்கள். அதனால் நான் கொஞ்சம் தூரமாகப் போய், அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வீரரைப் பிடித்தேன். அவர் பெயர் ஜிம் தோர்ப். அவரோட தங்கப் பதக்கங்களைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. நான் எழுதப்போவது அவர் தோற்றுக்கொண்டே இருந்த இரண்டு வருஷங்களையும் சேர்த்துத்தான். ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும்.

பாதி நாள் படிப்பு, பாதி நாள் வேலை

1887-ஆம் ஆண்டு, இன்றைக்கு ஒக்லஹோமா மாநிலம் என்று சொல்லப்படும் இடத்தில் பிறந்தார் ஜிம் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனம். நம்ம பாடப்புத்தகத்தில் செவ்விந்தியர் என்று போட்டிருக்குமே, அந்த மக்கள்தான். அமெரிக்காவின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். ஆனால் 1924-இல் சட்டம் வரும்வரை அவர்களில் நிறைய பேருக்கு அந்த நாட்டுக் குடியுரிமையே கிடையாது! அவருக்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்கு ஒளி வீசும் பாதை என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையில் ஆரம்பத்தில் இருட்டுத்தான். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரன் சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அம்மா போனார். பிறகு அப்பாவும் போனார்.

1904-இல் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் தொழிற்பள்ளிக்கு வந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாதிரி மாற்றுவதற்கென்றே 1879-இல் ஆரம்பிக்கப்பட்ட பள்ளி அது. சேர்ந்த உடனே முடியை வெட்டிவிடுவார்கள். தாய்மொழியில் பேசக்கூடாது. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை வேலை. தச்சு, தையல், கொல்லு வேலை என்று ஏதாவது ஒரு தொழில். பாதி நாள் தியரி, பாதி நாள் வொர்க்‌ஷாப் என்று ஓடுகிற நமக்கு இந்த டைம்டேபிள் புதுசில்லை. ஆனால் நம்மை யாரும் அம்மா பேசுகிற மொழியை மறக்கச் சொல்வதில்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை நண்பர்களே!

1907-இல் ஒரு நாள் மைதானத்தின் ஓரமாக நடந்து போனபோது, மற்ற மாணவர்கள் உயரம் தாண்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். கம்பி 5 அடி 9 அங்குலத்தில் இருந்தது. ஒருவராலும் தாண்ட முடியவில்லை. வேலை உடுப்போடு வந்த தோர்ப் ஒரே தாண்டில் தாண்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாராம்! அந்தச் செய்தி பயிற்சியாளர் பாப் வார்னர் காதுக்குப் போனது. அன்றிலிருந்து தோர்ப்பின் வாழ்க்கை திசை மாறியது.

அமெரிக்கக் கால்பந்து

கதைக்குள் போகும் முன்னால் அமெரிக்கக் கால்பந்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது நம்ம கால்பந்து இல்லை. பக்கத்துக்கு 11 பேர். பந்து இரண்டு பக்கமும் கூராக இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம், உதைக்கலாம். எதிரணி ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து அடுத்தவனுக்குப் போய்விடும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன். கம்பங்களுக்கு நடுவில் உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். கபடி ஆடினவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உடம்பும் மூச்சும் பிடியும்தான் இதிலும் மூலதனம். அந்தக் காலத்தில் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம் என்று பிரிவு கிடையாது. அதே ஆட்கள்தான் முழு ஆட்டமும் நிற்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் 1911-இல் கார்லைல் அணி, பணக்காரப் பல்கலைக்கழகமான ஹார்வர்டை 18-15 என்று தோற்கடித்தது. அதில் நான்கு ஃபீல்டு கோல்கள், அதாவது 12 புள்ளிகள், தோர்ப்பின் ஒற்றைக் காலில் இருந்து வந்தவை! 1912-இல் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று வென்றார்கள். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அந்த ராணுவ அணியில் ஆடினார் என்றால் பாருங்களேன்.

பறிபோன தங்கம்

அதே 1912-இல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக். ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லானில் நான்கில் முதலிடம் வந்து தங்கம். பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் 8,412 புள்ளிகள் எடுத்து இன்னொரு தங்கம். இரண்டாவது வந்தவர் ஏறக்குறைய 700 புள்ளி பின்னால்! அப்போது எடுத்த ஒரு போட்டோவில் அவர் கால்களைப் பார்த்தால் ஒரு ஷூ ஒரு மாதிரி, இன்னொரு ஷூ வேறு மாதிரி. தன்னுடைய ஷூ காணாமல் போனதால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஆடினார் என்பார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது நியூயார்க்கில் ஊர்வலம். ஆனால் ஆறே மாதத்தில், 1913 ஜனவரியில், ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. தோர்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சின்னச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று. விளையாட்டில் ஒரு காசு வாங்கியவனும் ஒலிம்பிக்கில் நிற்கக்கூடாது என்பது அன்றைய விதி. இரண்டு பதக்கங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து பெயரையும் அடித்துவிட்டார்கள்.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, அவர் சம்பளம் வாங்கியது பேஸ்பாலில், ஜெயித்தது ஓட்டத்திலும் தாண்டுதலிலும். இரண்டு, ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று ஒலிம்பிக் விதியிலேயே இருந்தது. அதை யாரும் அவருக்காக எடுத்துப் பேசவில்லை. மூன்று, அந்தக் காலத்தில் நிறைய கல்லூரி மாணவர்கள் கோடையில் காசுக்கு ஆடினார்கள், ஆனால் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் மட்டும் சொந்தப் பெயரில் ஆடினார். அதனால்தான் மாட்டிக்கொண்டார்!

விடுமுறைக்கு நம்மில் எத்தனை பேர் கேட்டரிங் வேலைக்குப் போகிறோம்? எங்க அப்பா கொத்தனார். செமஸ்டர் லீவில் நான் அவர்கூடச் சித்தாள் வேலைக்குப் போவேன். கலவை போட்டு, செங்கல் எடுத்துக் கொடுத்து வாங்கிய கூலியில்தான் டிராஃப்டர் வாங்கினேன். கூலி வாங்கினவன் பரீட்சை எழுதக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் இந்தக் கல்லூரியில் எத்தனை பேர் மிஞ்சுவோம்? காசு தேவைப்படாத வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட விதி அது. ஏழையை விலக்கு என்று அதில் எழுதவில்லை. ஆனால் விலக்கப்பட்டது ஏழைதான்.

கார் ஷோரூமில் பிறந்த லீக்

பதக்கம் போனபின் தோர்ப் வெளிப்படையாகவே சம்பளத்துக்கு ஆடினார். 1913 முதல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியில் பேஸ்பால். 1915 முதல் ஒஹாயோ மாநிலம் கான்டன் ஊரின் புல்டாக்ஸ் அணியில் கால்பந்து, ஆட்டத்துக்கு 250 டாலர். அந்த நாளில் தொழில்முறைக் கால்பந்துக்கு மரியாதை கிடையாது. தொழிற்சாலை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு ஒரு அணி மாறுவார்கள்.

இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று 1920 செப்டம்பர் 17-ஆம் தேதி கான்டனில் ஒரு கார் ஷோரூமில் அணிக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி பத்தாமல் காரின் கால்படியில் உட்கார்ந்து பேசினார்களாம். அங்கே பிறந்த சங்கம்தான் 1922-இல் நேஷனல் ஃபுட்பால் லீக் என்று பெயர் மாறியது. இன்று உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டு லீக் அது. அதன் முதல் தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஜிம் தோர்ப்பை! நிர்வாகத் திறமைக்காக இல்லை. அவர் பெயரைப் போட்டால் பத்திரிகையில் செய்தி வரும் என்பதற்காக. அடுத்த வருஷமே வேறொருவரை உட்கார வைத்தார்கள்.

நாய் வியாபாரியின் அணி

இனி அந்த இரண்டு வருஷங்களுக்கு வருகிறேன்.

ஒஹாயோவில் லாரூ என்று ஒரு சின்ன ஊர். ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர். அங்கே வால்டர் லிங்கோ என்பவர் ஊராங் என்ற பெயரில் ஏர்டேல் வகை நாய்களை வளர்த்து விற்றார். ஒரு நாயின் விலை 150 டாலர். லீக்கில் ஒரு அணியைச் சேர்க்கக் கட்டணமோ 100 டாலர்தான். நாயை விட அணி மலிவு! லிங்கோ கணக்குப் போட்டார். 1922-இல் முழுக்க முழுக்கப் பூர்வகுடி ஆட்டக்காரர்களைக் கொண்ட ஊராங் இண்டியன்ஸ் என்ற அணியை ஆரம்பித்தார். ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும் தோர்ப்தான். கார்லைலின் பழைய தோழர்கள் ஜோ கையன், பீட் கலாக் எல்லோரும் வந்தார்கள்.

லாரூவில் லீக் ஆட்டத்துக்கு ஏற்ற மைதானம் இல்லை. பக்கத்து ஊர் மேரியனில் ஆட வேண்டும். ஆனால் பெரும்பாலும் வெளியூரில்தான் ஆடினார்கள். ஏனென்றால் நாய் வாங்குகிறவர்கள் வெளியூரில்தானே இருக்கிறார்கள்! இடைவேளையில் மற்ற அணிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓய்வெடுப்பார்கள். ஊராங் ஆட்டக்காரர்கள் இறகுத் தொப்பி மாட்டிக்கொண்டு நடனம் ஆட வேண்டும், கோடாலி எறிய வேண்டும், நாய்களின் வித்தையைக் காட்ட வேண்டும். ஒருவர் கரடியோடு மல்லுக்கட்டினார்! தோர்ப் மைதானத்தின் நடுவில் நின்று பந்தை இரண்டு பக்கக் கம்பங்களுக்கும் மேலாக உதைத்துக் காட்டுவார். அப்புறம் மறுபாதி ஆட்டம். வாரநாளில் நாய்க் கொட்டகையிலும் வேலை.

இப்படி இருந்தால் எப்படி ஜெயிக்க முடியும்? தோர்ப்புக்கு அப்போது வயது 35. கூட ஆடியவர்களிலும் பலர் கல்லூரி ஆட்டத்தை முடித்துப் பல வருஷம் ஆனவர்கள். கார்லைல் பள்ளியே 1918-இல் மூடப்பட்டுவிட்டது. புது ரத்தம் வர வழியில்லை. முதல் லீக் ஆட்டத்தில் டேட்டன் அணியிடம் 36-0. அடுத்து கொலம்பஸ் அணியை 20-6 என்று வென்றார்கள். ஆனால் ஏக்ரன் அணியிடம் 62-0 என்று நொறுங்கினார்கள். தோர்ப்பின் பழைய கான்டன் அணி இவர்களையும் தோற்கடித்து, அந்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியன் ஆனது. இண்டியன்ஸ் கணக்கு 9 ஆட்டத்தில் 3 வெற்றி, 6 தோல்வி.

1923 அதைவிட மோசம். 11 ஆட்டத்தில் 10 தோல்வி. பஃபலோ அணியிடம் 57-0. சிகாகோ பேர்ஸ் அணியோடு ஆடியபோது எதிரிக் கோட்டுக்குப் பக்கத்தில் தோர்ப் கையிலிருந்து பந்து நழுவியது. ஜார்ஜ் ஹாலஸ் அதை எடுத்துக்கொண்டு 98 கஜம் ஓடி மறுகோடியில் வைத்தார். பின்னாலேயே துரத்தி ஓடியவர் தோர்ப். அந்தச் சாதனையை 1972 வரை யாரும் முறியடிக்கவில்லை. லூயிவில் அணியை 19-0 என்று வென்றது மட்டும்தான் அந்த ஆண்டின் ஒரே ஆறுதல். இரண்டாவது வருஷம் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் குறைந்தது. லிங்கோ அணியைக் கலைத்துவிட்டார். மொத்தம் 20 ஆட்டம், 4 வெற்றி, 16 தோல்வி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிகழ்ச்சியில் எங்களில் சில பேரை மேடையில் வரிசையாக நிற்க வைத்து நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். கொடுத்ததற்கு நன்றிதான். ஆனால் ஒவ்வொருவருடைய அப்பா என்ன வேலை, என்ன கூலி, வீட்டில் யாரும் படிக்காதவர்கள் என்று மைக்கில் வாசித்து, போட்டோ எடுத்து முடிகிறவரை நோட்டை மார்பில் பிடித்துக்கொண்டே நிற்கச் சொன்னார்கள். எங்க அப்பா கட்டின சுவர் ஒன்று கூடக் கோணல் கிடையாது. அதை மைக்கில் யாரும் சொல்லவில்லை. இறகுத் தொப்பி மாட்டி நின்றபோது அந்த ஆட்டக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரிகிறது. உதவி வேறு, காட்சிப்பொருள் ஆக்குவது வேறு.

ஆனாலும் ஒன்று. அவர்கள் வெறும் காட்சிப்பொருள் இல்லை. 62-0 என்று தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தில் இறங்கினார்கள். கல்லூரி வாசலும் கம்பெனி வாசலும் மூடியிருந்த காலத்தில், பூர்வகுடி ஆட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து சம்பளம் வாங்கி ஆடிய இடம் அதுதான். அந்த அணியில் இருந்த தோர்ப்புக்கு 1963-லும், ஜோ கையனுக்கு 1966-லும் கான்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 16 தோல்வி கண்ட அணியிலிருந்து இரண்டு பேர்!

கையில் கடப்பாரை

அதன்பிறகு தோர்ப் அணி அணியாக மாறி ஆடினார். 1928-இல் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்காக ஆடியதோடு சரி. அடுத்த வருஷமே அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. தன் வாழ்க்கைக் கதையை ஒரு சினிமாக் கம்பெனிக்கு 1,500 டாலருக்கு விற்றார். 1931-இல் லாஸ் ஏஞ்சலீசில் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து மண் வெட்டிக்கொண்டிருந்தார் உலகத்தின் தலைசிறந்த வீரர்!

1932-இல் அதே லாஸ் ஏஞ்சலீசில் ஒலிம்பிக். டிக்கெட் வாங்க அவரிடம் காசில்லை. அப்போதைய துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ், அவரும் பூர்வகுடி வம்சாவளி, தோர்ப்பை அழைத்துத் தன்னோடு உட்கார வைத்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பதக்கத்தைப் பிடுங்கியது சங்கம். ஜனங்கள் மறக்கவில்லை.

சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள் போட்டார். பூர்வகுடி வேஷத்துக்குப் பூர்வகுடி மக்களையே எடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்காகவும் போராடினார். 1945-இல் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். குடிப்பழக்கமும் அவரைக் கெடுத்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1950-இல் அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் என்று பத்திரிகையாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே உதட்டில் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்குப் பணமில்லை. 1953 மார்ச் 28-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார்.

திரும்பி வந்த பெயர்

பிள்ளைகள் விடவில்லை. பலரும் சேர்ந்து வாதாடினார்கள். அந்த 30 நாள் விதியை எடுத்துக் காட்டினார்கள். 1982-இல் ஒலிம்பிக் குழு இறங்கி வந்தது. 1983 ஜனவரியில் பிள்ளைகள் கையில் பதக்கங்களைக் கொடுத்தது. ஆனால் முழு மனதோடு இல்லை. இரண்டாவது வந்தவரோடு சேர்ந்து கூட்டு வெற்றியாளர் என்றுதான் போட்டார்கள். டெகாத்லானில் இரண்டாவது வந்த ஸ்வீடன் வீரர் ஹ்யூகோ வீஸ்லாண்டர், அந்தத் தங்கம் தனக்குரியது என்று ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை என்று அவர் குடும்பமே சொன்னது. தோற்றவரின் நேர்மையும் பெரியதுதான். கடைசியில் 2022 ஜூலையில் இரண்டு போட்டிகளிலும் ஜிம் தோர்ப் ஒருவரே முதல்வர் என்று அறிவித்தார்கள். ஓடி முடித்து 110 ஆண்டுகள் கழித்து!

நண்பர்களே! மார்க் குறைந்தவன், அரியர் வைத்தவன், மண்டல விளையாட்டுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தவன் எல்லாரும் நம்ம கூட்டத்தில் இருக்கிறோம். 4 வெற்றி 16 தோல்வி என்ற கணக்கை மட்டும் பார்த்தால் அந்த அணி ஒன்றுமில்லை. வாரம் முழுக்க அவர்கள் என்ன வேலை செய்தார்கள், இடைவேளையில் என்ன செய்ய வைக்கப்பட்டார்கள் என்பது எந்த ஸ்கோர் பலகையிலும் இல்லை. நம்ம மார்க் ஷீட்டிலும் அப்படித்தான். விடியற்காலை டவுன் பஸ்ஸும் லீவு நாள் கூலி வேலையும் அதில் ஏறாது. ஆகவே ஒருவன் தோற்றால் சிரிக்கும் முன்னால், அவன் என்ன சுமையோடு ஓடினான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. பொய்ப் பெயரில் ஆடியிருந்தால் தோர்ப் தப்பித்திருப்பார், பதக்கம் வீட்டிலேயே இருந்திருக்கும். சொந்தப் பெயரில் ஆடியதால் எல்லாம் போனது. ஆனால் திரும்பி வந்தபோது அது அந்தப் பெயரைத் தேடித்தான் வந்தது. நாம் எங்கே வேலைக்குப் போனாலும், எந்த அப்ளிகேஷன் எழுதினாலும், அப்பா செய்கிற தொழிலை மறைக்காமல் சொந்தப் பெயரில் எழுதுவோம். ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம்!

வாழ்க ஜிம் தோர்ப் புகழ்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை